"பந்து மாறிப்போச்சு" என்று சொல்லி எடுத்த டச்டவுன்

கேள்வி: ஐயா, நாங்கள் வட கரோலினாவில் இருக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் (பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம், நம்மூர் கால்பந்து இல்லை) சென்டராக, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவனாக ஆடுகிறான். போன வாரம் அவர்களுடைய கோச் ஒரு தந்திர ஆட்டம் ஆடச் சொன்னார். எல்லோரும் வரிசையில் குனிந்து நின்றதும் மைதானத்தின் ஓரத்திலிருந்து, "பந்து மாறிப்போச்சு, அது நம்ம பந்து இல்லை, இங்கே கொண்டு வா" என்று கத்தினார். என் மகன் பந்தைத் தோளுக்கு மேலே தூக்கி, அதை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்தான். அந்தப் பையன் சாவகாசமாக ஓரத்தை நோக்கி நடந்தான். எதிரணிப் பையன்கள் நிமிர்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைத் தாண்டியதும் ஒரே ஓட்டம், எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன். நாங்கள் ஜெயித்துவிட்டோம். வீடியோ குடும்ப குரூப்புக்குப் போய், கோவில்பட்டியில் இருக்கும் என் மாமனார், "என் பேரன் டீம் புத்திசாலி டீம்" என்று ஊரெல்லாம் காட்டுகிறார். ஆனால் மகன் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. "அம்மா, எனக்கு எதிரே நின்னவன், 'ஆட்டம் நின்னுடுச்சா'ன்னு என்னைத்தான் கேட்டான். நான் ஆமான்னு தலையாட்டிட்டேன்" என்றான். இது விதிப்படி சரியா? திறமையா, ஏமாற்றா? கோச்சிடம் பேசலாமா? பேசினால் பையனை ஆட விடாமல் உட்கார வைத்துவிடுவார் என்று என் கணவர் பயப்படுகிறார்.

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். அந்த டச்டவுன் செல்லாது. நடுவர் அங்கேயே விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, உங்கள் அணிக்கு 15 யார்டு அபராதம் கொடுத்திருக்க வேண்டும், அதாவது பந்தை அவ்வளவு தூரம் பின்னால் தள்ளி வைத்திருக்க வேண்டும். நான் ஒஹாயோவில் 17 வருடமாகப் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராக இருக்கிறேன். உங்கள் மாநிலத்திலும் எங்கள் மாநிலத்திலும் ஒரே விதிப்புத்தகம்தான். மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு அதை வெளியிடுகிறது. கூடவே ஒரு விளக்கப் புத்தகமும் வரும். "இப்படி ஒன்று நடந்தால் நடுவர் என்ன செய்ய வேண்டும்" என்று நூற்றுக்கணக்கான சம்பவங்கள் அதில் இருக்கும்.

அதில் ஒரு சம்பவம் உங்கள் மகனுக்கு நடந்ததற்கு அண்ணன் தம்பி மாதிரி. ஓர் அணி ஃபீல்டு கோல் உதைக்க, அதாவது பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்க நிற்கிறது. உதைப்பவன், "டீ எங்கே?" என்று கத்துகிறான். டீ என்பது பந்தை நிறுத்தி வைத்து உதைக்க உதவும் சின்னத் தாங்கி. "இரு, நான் எடுத்துட்டு வரேன்" என்று இன்னொருவன் ஓரத்தை நோக்கி ஓடுகிறான். அந்த நேரத்தில் பந்து ஸ்னாப் ஆகிறது (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்குகிறது), ஓடுகிறவனுக்கே பாஸ் போகிறது, டச்டவுன். புத்தகம் இதை விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தை என்று தீர்த்துச் சொல்கிறது. ஃபுட்பால் எப்போதுமே தந்திரமும் போக்குக்காட்டலும் நிறைந்த ஆட்டம்தான், விசித்திரமான வரிசைகளுக்கும் புதுப்புது யோசனைகளுக்கும் தடையே இல்லை என்று முதலில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஏதோ கோளாறு, இப்போதைக்குப் பந்து ஆட்டத்துக்கு வராது என்று எதிரணியை நம்ப வைக்கும் பேச்சும் செய்கையும் அந்த எல்லைக்கு வெளியே என்கிறது. "பந்து மாறிப்போச்சு" என்று கோச் கத்தியது அதில் அப்படியே வந்துவிடுகிறது.

தோளுக்கு மேலே பந்தைக் கொடுத்ததை மட்டும் தனியாக எடுத்தால் அது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். ஸ்னாப் என்பது தரையிலிருக்கும் பந்தை ஒரே வேகத்தில், இடையில் நிறுத்தாமல், பின்னால் அனுப்புவது. கால்களுக்கு நடுவே அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேகமாக, ஒரே அசைவாக இருந்தால் தோளுக்கு மேலே கொடுத்ததும் ஸ்னாப்தான். மெதுவாகத் தூக்கி, "இந்தா பிடி" என்று கொடுத்தால் அதுவே தனித் தவறு. வீடியோ உங்களிடம் இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆட்ட முடிவு இனி மாறாது. நடுவர் தவறு செய்தார் என்று மேல்முறையீடு செய்ய எங்கள் விதிப்புத்தகம் இடம் தருவதில்லை.

ஏமாற்றா, திறமையா என்று கேட்டீர்களே, அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். தந்திர ஆட்டம் என்றாலே கேவலம் என்று நீங்களோ மகனோ முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

இந்த விளையாட்டில் தந்திரம் பெரும்பாலும் எளியவனின் ஆயுதமாகத்தான் இருந்திருக்கிறது. 1903 அக்டோபர் 31 அன்று, பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில் படித்த அமெரிக்கப் பூர்வகுடிப் பையன்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு மோதினார்கள். எதிரணியில் தங்களைவிடப் பருமனான, வசதியான பிள்ளைகள். கார்லைலின் கோச் பாப் வார்னர், டில்லன் என்ற ஆட்டக்காரரின் சட்டைக்குள் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொன்னார். இரண்டாம் பாதியின் முதல் உதையைப் பிடித்ததும் கார்லைல் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து, பந்தை டில்லனின் முதுகுப்பக்கம் சட்டைக்குள் செருகிவிட்டுச் சிதறி ஓடினார்கள். யாரிடம் பந்து இருக்கிறதென்று ஹார்வர்டு ஆட்கள் தேடிக்கொண்டிருக்க, டில்லன் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார். கடைசியில் ஹார்வர்டுதான் 12-11 என்று ஜெயித்தது. சட்டைக்குள் பந்தை ஒளிப்பதைப் பின்னால் விதி தடை செய்துவிட்டது, அது நியாயமும்தான். ஆனாலும் எனக்கு அந்த டில்லன் மேல் கோபம் வராது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்பது ஹார்வர்டின் பதினோரு பேருக்கும் தெரியும். பந்து எங்கே என்பதுதான் தெரியவில்லை.

2007 ஜனவரி 1 அன்று பாய்ஸி ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தை 43-42 என்று சாய்த்ததும் இப்படித்தான். கடைசி நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தந்திர ஆட்டங்கள். இறுதியில் குவார்ட்டர்பேக் வலது கையால் வீசுவதாகப் பாவனை காட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் இடது கையில் இருந்த பந்தைச் சக ஆட்டக்காரரிடம் விட்டார். கல்லூரி ஃபுட்பால் பார்ப்பவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லி மகிழ்கிறார்கள். ஏமாந்த ஒக்லஹோமா ஆட்களிடமும் தப்பித்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருந்தது. எல்லாம் அவர்கள் கண்ணெதிரேதான் நடந்தது.

உங்கள் மாமனாருக்கு இதைக் கிரிக்கெட்டில் சொல்லுங்கள், சட்டென்று புரியும். அஸ்வினின் கேரம் பந்து, நம் தெருக்களில் சொடக்குப் பந்து என்பார்களே, அது ஏமாற்றுதான். உள்ளே வரும் என்று பேட்ஸ்மேன் நினைப்பான், வெளியே போகும். யாரும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார்கள். பந்து கையிலிருந்து வருவதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது பேட்ஸ்மேனின் வேலை. ஆனால் ஃபீல்டர் கையில் பந்தே இல்லாமல் எறிவது போல் நடித்து ஓடுகிறவரை நிறுத்தினால், 2017 முதல் கிரிக்கெட்டிலும் அது குற்றம், 5 ரன் அபராதம். கிரிக்கெட் கோட்டைக் கிழித்த இடமும் ஃபுட்பால் கிழித்த இடமும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். ஆட்டத்துக்குள் ஏமாற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு என்று இரண்டும் ஒப்புக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

ஃபுட்பாலில் அந்த எல்லை இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உடம்பு. இது மோதுகிற ஆட்டம். விசில் ஊதினால் எல்லோரும் கையை இறக்கிவிட வேண்டும், ஊதாதவரை யாரும் அசந்துவிடக் கூடாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டி ஒருவர்மேல் ஒருவரை மோத விடுவதற்கு இந்த ஒரு நம்பிக்கைதான் ஆதாரம். "பந்து மாறிப்போச்சு" ஆட்டம் அதில்தான் கை வைக்கிறது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். நடுவராக எனக்கு மூன்றாவது வருடம். ஒரு நடுநிலைப் பள்ளி ஆட்டம், வியாழக்கிழமை சாயங்காலம். தடுக்கும் அணியின் முதல் வரிசைக்குச் சில அடி பின்னால் நிற்பது என் இடம். பந்து வைத்திருந்த அணியின் கோச் ஓரத்திலிருந்து, "அஞ்சு யார்டு அபராதம் பாக்கி இருக்கு, பந்தை முன்னால் தள்ளி வை" என்று கத்தினார். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிக்கொண்டு அடி அளப்பது போல எண்ணி நடந்து வந்தான். தடுக்கும் அணியில் சென்டருக்கு நேர் எதிரே நிற்கும் நோஸ் கார்டு, உங்கள் மகன் மாதிரியே ஒரு பையன், திரும்பி என்னைப் பார்த்தான். பந்து வைத்திருந்தவனை அவன் பார்க்கவே இல்லை. "சார், அபராதமா?" என்று கேட்டான். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறக்காமல் நின்றேன். பதில் வரட்டும் என்று அவன் காத்துக்கொண்டிருந்தபோதே குவார்ட்டர்பேக் அவன் தோளை உரசிக்கொண்டு ஓடிவிட்டான். தலைமை நடுவர் இரண்டு கைகளையும் தூக்கி டச்டவுன் கொடுத்தார். நான் மறுக்கவில்லை. மறுநாள் மூத்த நடுவர் ஒருவர் விளக்கப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை என்னைப் படிக்க வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, அன்று ஏமாந்த அதே அணி ஆடிய வேறோர் ஆட்டத்துக்கு என்னைப் போட்டிருந்தார்கள். நல்ல மழை. பந்து ஊறிப்போய்க் கையில் நிற்கவில்லை. நான் விசில் ஊதி நிறுத்தி, எதிரணிக் குவார்ட்டர்பேக்கிடம் வேறு பந்து வாங்கி வரச் சொன்னேன். அவன் ஹெல்மெட்டின் தாடைப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஈரப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு நடந்தான். அதே நோஸ் கார்டு பின்னாலேயே ஓடிப்போய் முதுகில் மோதி அவனைக் குப்புறத் தள்ளினான். விழுந்தவன் எழுந்திருக்கக் கொஞ்ச நேரமானது. நல்லவேளை, பெரிய காயம் இல்லை. தவறு நடந்தால் நடுவர் எறியும் மஞ்சள் கொடியை எறிந்தேன், 15 யார்டு அபராதம். "விசில் ஊதினேனே, கேட்கலையா?" என்றேன். "கேட்டுச்சு சார். போன தடவை நம்பி ஏமாந்துட்டேன்" என்றான். அவன் சேறு படிந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கொடியை நான் இரண்டு வாரம் முன்னாலேயே, அந்த வியாழக்கிழமையே எறிந்திருக்க வேண்டும்.

ஏமாற்றுகிற அணியின் குவார்ட்டர்பேக்குக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. உடம்பைத் தளர்த்திக்கொண்டு, நிமிர்ந்து, அடிக்குத் தயாராகாமல் நடக்கிறான். எதிரே நிற்கும் பதினோரு பேரில் ஒருவன் ஏமாறாமல் இருந்து முழு வேகத்தில் வந்து மோதினால் என்ன ஆகும்? கோச்சுகள் இதை யோசிப்பதே இல்லை.

உங்கள் கோச்சைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். 2010இல் டெக்சாஸ் மாநிலம் கார்ப்பஸ் கிறிஸ்டியில், டிரிஸ்கால் நடுநிலைப் பள்ளி ஆடிய இதே வகை ஆட்டத்தின் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. செய்திச் சேனல்கள் சிரித்துக்கொண்டே காட்டின. அதைப் பார்த்துவிட்டு, "நாமும் செய்யலாமே" என்று ஆசைப்பட்ட கோச்சுகள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் சம்பளத்துக்காக வருகிறவர்கள்கூட இல்லை, வேலை முடிந்து மாலையில் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நல்ல மனிதர்கள். டச்டவுனும் கிடைத்து, நடுவரும் தடுக்கவில்லை என்றால், அது சரிதான் என்றுதானே நினைப்பார்கள்? அன்று நின்ற நடுவர்மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். நானும் அப்படி நின்றவன் என்பதால் சொல்கிறேன்.

அதனால் பேசுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு வேண்டாம். 24 மணி நேரம் கழித்துத்தான் பெற்றோர் கோச்சிடம் பேச வேண்டும் என்று பல பள்ளிகளே விதி வைத்திருக்கின்றன. இரண்டு நாள் போகட்டும். பயிற்சி தொடங்குவதற்கு முன்னால், தனியாக, மற்ற பெற்றோர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது போய்ப் பாருங்கள். மகனை எவ்வளவு நேரம் ஆட விடுகிறார் என்ற பேச்சை அப்போது எடுக்கவே எடுக்காதீர்கள். உங்கள் கணவர் பயப்படுவது அந்தப் பேச்சால்தான் வரும். "கோச், அந்த ஆட்டத்துக்கு விளக்கப் புத்தகத்தில் 15 யார்டு அபராதம் என்று சொல்கிறார்கள், நீங்கள் ஒரு தடவை பார்க்க முடியுமா? பையன் மனசு கஷ்டப்படுகிறான்" என்று சொன்னால் போதும். நடுவரின் கண்டிப்பைவிட இது அவருக்கு உறைக்கும். உண்மையான கோச்சாக இருந்தால், தன் சென்டர் ராத்திரி சாப்பிடவில்லை என்று கேட்டதும் மற்றதையெல்லாம் மறந்துவிடுவார்.

இன்னொன்றும் கேளுங்கள்: "ஆட்டத்துக்கு முன்னால் நடுவரிடம் இதைச் சொல்லியிருந்தீர்களா?" ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் நாங்கள் இரண்டு கோச்சுகளையும் தனித்தனியே பார்த்து, "இன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்போம். அவர் சொன்னது எதிரணிக்குப் போகாது. அவர்களுக்கும் அதனால் லாபம் உண்டு. குழம்பிப்போய் நான் தவறாக விசில் ஊதி, அவர்களுடைய நல்ல தந்திரத்தைக் கெடுக்காமல் இருப்பேன். உங்கள் கோச் இதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால், நடுவர் அங்கேயே வேண்டாம் என்றிருப்பார், உங்கள் மகனும் தலையாட்ட வேண்டி வந்திருக்காது.

அந்தத் தலையாட்டல்தான் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது. சென்டரும் எதிரே நிற்கும் நோஸ் கார்டும் எவ்வளவு நெருக்கத்தில் நிற்பார்கள் என்று ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இரண்டு அணிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி பந்தின் நீளம்தான், சுமார் 11 அங்குலம். ஒருவன் மூச்சு மற்றவன் முகத்தில் படும். ஆட்டம் முழுக்க அந்த இருவரும் மோதி விழுந்து, சில சமயம் ஒருவருக்கொருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, பெயர் தெரியாமலேயே ஒருவிதச் சிநேகம் ஆகியிருப்பார்கள். அவன் வேறு யாரிடமும் கேட்காமல் உங்கள் மகனிடம் கேட்டதற்கு அதுதான் காரணம். மகனுக்கு உறுத்துவதும் அதனால்தான். அந்த உறுத்தலை, "விடுடா, ஜெயிச்சாச்சே" என்று சொல்லித் துடைத்துவிடாதீர்கள். அதே சமயம் பாரம் முழுவதையும் அவன் தலையில் ஏற்றவும் வேண்டாம். பெரியவர் ஒருவர் சொன்னதை ஒரு குழந்தை செய்தான், தவறு பெரியவருடையது. இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவனுக்குப் புரியாது.

அவனுக்குச் சொல்ல ஒரு கதை தருகிறேன். 1940 நவம்பர் 16, நியூ ஹாம்ப்ஷயரில் ஹானோவர். கார்னெல் பல்கலைக்கழக அணி பதினெட்டு ஆட்டங்களாகத் தோற்காமல் வந்திருந்தது. டார்ட்மவுத் அணி 3-0 என்று முன்னால் இருந்தது. கடைசி வினாடிகளில் கார்னெல் டச்டவுன் எடுத்து 7-3 என்று ஜெயித்தது. அப்புறம் ஆட்டத்தின் பிலிமைப் போட்டுப் பார்த்தால், நான்கு முயற்சிகள்தான் உண்டு என்ற இடத்தில் நடுவர் எண்ணிக்கை தவறி ஐந்தாவது முயற்சியைக் கொடுத்திருக்கிறார். டச்டவுன் அந்த ஐந்தாவதில் வந்தது. நடுவர் தன் தவறை ஒப்புக்கொண்டார். கார்னெல் ஆட்கள் யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் வெற்றியைப் பறிக்கவும் முடியாது. ஆனாலும் அவர்களாகவே டார்ட்மவுத்துக்குத் தந்தி அடித்து வெற்றியை விட்டுக்கொடுத்தார்கள். இன்றும் அந்த ஆட்டம் டார்ட்மவுத்துக்கு 3-0 என்றுதான் பதிவாகியிருக்கிறது. உங்கள் பள்ளி வெற்றியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தனக்கு உறுத்துவது போலவே பெரிய ஆட்டக்காரர்களுக்கும் உறுத்தியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியட்டும்.

அந்தப் பள்ளியோடு மறுபடி ஆடும் நாள் வந்தால், ஆட்டம் முடிந்து வரிசையாகக் கை கொடுப்பார்களே, அப்போது அந்த நோஸ் கார்டைத் தேடி, "அன்னிக்கு நான் தலையாட்டினது தப்பு" என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு வரி போதும். கோச் திரும்பவும் அதே ஆட்டத்தை ஆடச் சொன்னால், "கோச், வேறு எது வேணும்னாலும் ஆடறேன், இது மட்டும் என்னால முடியாது" என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு, நீங்கள் கூட நிற்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குடும்ப குரூப்பிலிருந்து அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். ஏமாந்து நிற்கும் பதினோரு பிள்ளைகளின் முகமும் அதில் இருக்கிறது, அவர்களுக்கும் தாத்தா பாட்டி உண்டு.

கடைசியாக ஒன்று. தந்திர ஆட்டத்தில் அவனுக்கு நிஜமாகவே ஆசை இருந்தால், கோச்சிடம் கேட்கச் சொல்லுங்கள்: சென்டருக்கே பாஸ் போடும் ஆட்டம். வழக்கமாகச் சென்டர் வரிசையின் நடுவில் நிற்பதால் பாஸ் பிடிக்க முடியாது. ஆனால் மற்ற லைன்மேன்கள், அதாவது முன்வரிசை ஆட்கள், எல்லோரையும் ஒரே பக்கம் நிறுத்தி, சென்டரை வரிசையின் கடைசி ஆளாக விட்டால், அவனுடைய சட்டை எண் 50 முதல் 79க்குள் இல்லை என்றால், பந்தை ஸ்னாப் செய்துவிட்டு அவனே ஓடிப்போய்ப் பாஸ் பிடிக்கலாம். அவன் நிற்கும் இடம், சட்டை எண், வரிசை எல்லாமே எதிரணியின் கண்ணெதிரே இருக்கும். கவனிக்காமல் விட்டால் அது அவர்கள் பாடு. 50 முதல் 79 வரை எண் போட்ட ஐந்து பேர் அவனைத் தவிர வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் கோச் பார்த்துக்கொள்ளட்டும். ஆட்டத்துக்கு முன்னால் நடுவரிடம் சொல்லவும் மறக்க வேண்டாம். சொன்னால் எங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். சென்டர் டச்டவுன் எடுப்பதை நான் இத்தனை வருடத்தில் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனின் சட்டை எண் என்ன?